கூட்டம் பிரியும் தேனீக்கள்

ஆடு குட்டி ஈனுவதால் மந்தை பெருகுகின்றது. நெல் விதைப்பதால் நெல் பெருகுகின்றது. தேனீயின் பெருக்கம் இவ்வளவு எளிதில் விளங்குவதன்று. இராணித் தேனீ நல்ல பருவத்தில் நாளொன்றுக்கு 1000க்கு மேற்பட்ட முட்டைகளை இடுகின்றது. அதனால் ஒரு குடும்பத்தின் தொகை பெருகுகின்றதேயன்றி, குடும்பங்களின் தொகை பெருகுவதில்லை. ஒரு குடும்பம் இரண்டாக வேண்டுமாயின் அது தன்னைத்தானே பிளந்துகொள்ளல் வேண்டும். பழைய இராணியும், வேலைக்காரத் தேனீக்களிற் பாதியோ அதற்கு மேலோ, பிறந்த வீட்டைப் புதிய இராணிக்கு விட்டுவிட்டு வெளியேறுகின்றன. இந்நிகழ்ச்சியையே தேனீ வளர்ப்போர் கூட்டம் பிரிதல் என்பர்.

கூட்டம் பிரிவது திடீரென நிகழ்வதன்று. அதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. பூக்கள் மலிந்து, கூட்டினுள் தேனீக்கள் நெருக்கமாகும் காலத்தில், அடைகளின் கீழ் விளிம்பில் நிலக்கடலைக் கோது போன்ற நீண்ட அறைகள் தோன்றுகின்றன. அவையே இராணி அறைகள். அவற்றில் இடப்பட்ட முட்டை மூன்று நாளிற் புழுவாகி, எட்டாம் ஒன்பதாம் நாளளவில் மெழுகால் மூடப்படுகின்றது. வானம் தெளிவாயிருப்பின், அந்நாளையொட்டியே பழைய இராணி வெளியேறுகின்றது. புறப்படுமுன் தேனீக்கள் வயிறு நிறையத் தேன் பருகிக்கொள்கின்றன. முட்டையிட்ட 16ஆம் நாளிற் புதிய இராணி வெளிவருகின்றது. குடும்பம் வலிமை மிக்கதாயின், முதலில் வெளிவந்த கன்னி இராணியும் ஒரு கூட்டத்தோடு பிரிந்துபோகும், அடுத்ததும் போகலாம். ஈற்றில் தாய்க்கூடு ஆளற்ற வீடுபோல வெறுமையடைதலும் உண்டு.

தேனை விற்றுப் பிழைப்பவனுக்கு இது பெரு நட்டம். தேன் மிகுதியாகக் கிடைக்கும் சில வாரங்களே அவனுடைய அறுவடைக் காலம். கூட்டம் பிரிவதும் அவ்வாரங்களையொட்டியே நிகழ்கின்றது. உழவன் அரிவாளை எடுக்கும் நாளிற் கூலியாட்களிற் பாதிப்பேர் ஊரைவிட்டுப் போய்விடுவதற்கு ஒப்பானது அது. ஒன்றாயிருந்த குடும்பம் சேர்க்கக்கூடிய தேனைப் பிரிந்த இரண்டும் அப்பருவத்திற் சேர்ப்பதில்லை. ஆகவே, கூட்டம் பிரிவதை எவ்வாறு தடுப்பது என்ற கேள்வி தேனீ வளர்ப்புத் தொழிலின் வரலாற்றில் நடுநாயகமான கேள்வியாக விளங்குகின்றது. எனினும், அக்கேள்வி தொழிலோடு கூடவே பிறந்ததன்று. நீண்ட காலம் மனிதன் இதனைத் தடுக்க எண்ணவில்லை, எதிர்பார்த்துக் காத்திருந்தான்.

உரோமப் பெருங்கவியாகிய வேர்ஜில், கிறிஸ்துவுக்கு முன் 29ஆம் ஆண்டளவில் முடித்த உழவுத்தொழில் பற்றிய காவியத்தின் நான்காம் பாகத்தைத் தேனீக்களுக்கே ஒதுக்கினார். பிரிந்து பறக்கும் கூட்டத்தைத் தாளமோசையால் இறங்கச் செய்யலாம் என்றும், தேனீக்கள் அலைந்து திரியாதிருக்க அவற்றின் அரசர்களின் சிறகைக் களைந்துவிட வேண்டும் என்றும் அவர் கூறினார். கூட்டத்தை நடத்துவது ஆண் என்றே அக்காலத்தார் கருதினர். சட்டமும் இதிற் கருத்துச் செலுத்தியது. 533ஆம் ஆண்டில் யுஸ்தினியன் பேரரசன் வெளியிட்ட சட்டநூலின்படி, தேனீ இயல்பாற் காட்டுயிராகும். பெட்டியை விட்டுப் பறந்த கூட்டம் உடைமைக்காரனின் கண்ணுக்கெட்டிய தொலைவில், அவன் தொடர்ந்து செல்லக்கூடியதாய் உள்ளவரையில் அவனுக்கே உரியது. கண்ணுக்கு மறைந்தபின், முதலிற் பிடிப்பவன் எவனோ அவனுக்கே அது சொந்தம். ஐரோப்பிய கிராமங்களிற் பிற்காலத்தில் மக்கள் சட்டியையும் தகரத்தையும் தட்டிக்கொண்டு தேனீக் கூட்டத்தின் பின்னே ஓடினர். ஓசைக்குத் தேனீ இறங்கியதோ இல்லையோ, கூட்டம் இன்னாருடையது என்பது ஊருக்குத் தெரிந்தது.

வட ஐரோப்பாவில் தேனீயின் வீடு வைக்கோலாற் பின்னிக் கவிழ்த்து வைத்த கூடையாகும். அடைகள் கூடையின் உட்புறத்தோடு ஒட்டியே கட்டப்பட்டன. கூட்டை அழிக்காமல் தேனை எடுத்தல் அரிது. இதனால் ஒரு கொடிய வழக்கம் வேரூன்றிற்று. இலையுதிர் காலத்திற் கூடைகளைத் தூக்கிப் பார்ப்பர். மிக்க பாரமுள்ளவை தேனுக்காகக் கொல்லப்படும். மிகவும் இலேசானவை, குளிர்காலத்தைத் தாண்டமாட்டா என்பதனாற் கொல்லப்படும். நிலத்திற் குழி தோண்டி, கந்தகம் தோய்த்த துணியைக் கொளுத்தி, அதன்மேற் கூடையை வைத்தால் ஆண்டு முழுவதும் உழைத்த குடும்பம் சில நிமிடங்களில் மடியும். இடைத்தர எடையுள்ளவையே அடுத்த ஆண்டுக்குத் தப்பின. கொல்லப்பட்டவற்றின் இடத்தை நிரப்ப வேண்டும். அதற்குக் கூட்டம் பிரிவதைத் தவிர வேறு வழி இல்லை. எனவே, இளவேனிலில் முந்திப் பிரியும் கூட்டம் அக்காலத்தாருக்குச் செல்வம். ஜேர்மனியின் லூனபேர்க் புல்வெளியில் இம்முறை ஒரு பெருந்தொழிலாகவே வளர்ந்தது. கூடையின் வாயிலில் நீண்ட வலைப்பையைக் கட்டிப் பிரியும் கூட்டங்களைப் பிடித்து, ஒன்றை இரண்டு மூன்றாக்கி, கோடையின் ஈற்றிற் பூக்கும் ஹெதர்ச் செடிகளிலிருந்து தேன் சேர்ப்பித்து, பின்னர் மிகுதியானவற்றை அழித்தனர். பிரியும் இயல்பு மிக்க தேனீயே இம்முறையில் நிலைத்தது. தன்னையறியாமலே மனிதன் அவ்வியல்பைத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்த்தான்.

இவ்வழக்கம் சிலர் உள்ளத்தை உறுத்திற்று. 1675ஆம் ஆண்டில் இலண்டனில் ஜோன் கெட் என்பவர் எண்கோணப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறையொன்றை நூலாக வெளியிட்டார். அந்நூலின் நீண்ட தலைப்பே இவ்வரலாற்றுக்கு ஒரு முகவுரை போன்றது. கூட்டம் பிரிவதால் உடைமைக்காரருக்கு ஏற்படும் செலவையும் தொல்லையையும் நீக்குவதும், நன்மை செய்த தேனீக்களுக்கு அழிவையே பரிசாக அளிக்கும் தீமையிலிருந்து அவற்றை விடுவிப்பதும் அத்தலைப்பில் ஒருங்கே கூறப்பட்டன. கொல்லாது தேனெடுத்தல், பிரியாது குடும்பத்தைக் காத்தல் என்ற இரண்டும் ஒரே முடிச்சின் இரு நுனிகள் என்பதை அவர் உணர்ந்திருந்தார். 1768இல் தோமஸ் வைல்ட்மன் அடுக்குக் கூடைகளைப் பற்றி எழுதினார். 1832இல் தோமஸ் நட் என்பவர், தேனீக்களிடத்து இரக்கம் காட்டுதலைத் தலைப்பாகக் கொண்ட நூலில், பக்கப் பெட்டிகளையும் காற்றோட்டத்தையும் அமைத்து வெப்பத்தைத் தணித்தாற் கூட்டம் பிரியாது என வாதித்தார். இவர்கள் நோக்கம் உயர்ந்தது, பயனோ குறைவு. கூட்டினுள் என்ன நிகழ்கின்றது என்பதைத் திறந்து பார்க்க இயலாத நிலையில், எவ்வளவு நல்ல பெட்டியும் இருட்டில் எறிந்த கல்லாகவே இருந்தது.

அவ்விருட்டு மெல்ல மெல்ல விலகிற்று. 1609இல் சாள்ஸ் பட்லர் என்ற ஆங்கிலப் பாதிரியார், தேனீ இராச்சியம் பெண்ணரசு என்பதைத் தம் நூலின் பெயராலேயே அறிவித்தார். இராணிகள் கூட்டினுள் எழுப்பும் குரலை இசைக்குறிப்பில் எழுதியவரும் அவரே. ஒல்லாந்து தேசத்து யான் சுவாமர்டாம் இராணியின் உடலை அறுத்து, அதன் வயிற்றில் முட்டைப்பைகள் இருப்பதைக் கண்டார். அவருடைய ஆராய்ச்சி அவர் இறந்து பல்லாண்டுகளின் பின், 1737, 1738ஆம் ஆண்டுகளில் அச்சேறிற்று. இவ்வரிசையில் மிக வியக்கத்தக்கவர் ஜெனீவா நகரத்துப் பிரான்சுவா ஹூபர் ஆவர். அவர் கண்பார்வை இழந்தவர். அவருடைய பணியாள் பிரான்சுவா பேர்னென்ஸ் கண்ணாற் கண்டு கூறியதை அவர் அறிவாற் கண்டார். புத்தகத்தின் ஏடுகளைப்போல விரித்துப் பார்க்கத்தக்க கூடொன்றை அமைத்து, அடையொவ்வொன்றையும் ஆராய்ந்தனர். 1792இல் வெளிவந்த அவரது நூல், முதலிற் பிரியும் கூட்டத்தை நடத்திச் செல்வது எப்பொழுதும் பழைய இராணியே என்பதை நிலைநாட்டிற்று. இளையோர் புறப்பட்டுப் போகின்றனர், முதியோர் வீட்டிலிருக்கின்றனர் என்ற பழைய எண்ணம் இதனால் தலைகீழாயிற்று.

எனினும், ஹூபரின் ஏட்டுக்கூடு ஆராய்ச்சியாளனுக்கு ஏற்றதேயன்றித் தொழில் செய்வோனுக்கு ஏற்றதன்று. அக்குறையைத் தீர்த்தவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் வாழ்ந்த லொரென்சோ லாங்ஸ்ட்ரொத் என்ற பாதிரியார். மனச்சோர்வு நோயால் அடிக்கடி வருந்திய அவர், தேனீக்களிடையே ஆறுதல் தேடினார். பெட்டியினுள் சுமார் 3/8 அங்குல இடைவெளி விடப்பட்டால், தேனீக்கள் அதனை நடைபாதையாக வைத்துக்கொள்கின்றன. அங்கே அடை கட்டுவதுமில்லை, பிசினால் அடைப்பதுமில்லை. இதற்கு மிக அகன்றால் அடை கட்டும். மிகக் குறுகினாற் பிசின் பூசும். மரச்சட்டங்களைச் சுற்றி எப்பக்கமும் இவ்விடைவெளியை விட்டால், அடைகளைச் சட்டத்தோடு தூக்கிப் பார்த்து மீண்டும் வைக்கலாம் என்பது 1851ஆம் ஆண்டில் அவருக்குத் தோன்றிற்று. 1852 அக்டோபர் 5ஆம் நாள் அவருக்கு உரிமைப் பத்திரம் கிடைத்தது. அடுத்த ஆண்டில் அவருடைய நூலும் வெளிவந்தது. பலர் அவ்வுரிமையை மதியாது பெட்டிகளைச் செய்து விற்றமையால் அவர் அதனாற் பொருளீட்டவில்லை. ஆயினும், அன்றுதொட்டுத் தேனீ வளர்ப்போன் தன் பெட்டியினுள்ளே இராணி அறை தோன்றிவிட்டதா என்பதைத் தன் கண்ணாலே காண வல்லவனானான். கூட்டம் பிரிவதைத் தடுக்கும் முறைகள் யாவும் இந்த 3/8 அங்குலத்தின் வழியாகவே நுழைந்தன.

இதன்பின் தொழில் விரைந்து வளர்ந்தது. 1857இல் ஜேர்மனியின் யோகான்னெஸ் மேரிங் அறுகோண அச்சுப் பதித்த மெழுகுத் தாளைச் செய்தார். 1865இல் பிரான்ஸ் ஹ்ருஷ்கா, அடையைச் சுழற்றித் தேனை வெளியேற்றும் கருவியை அறிமுகப்படுத்தினார். இனித் தேனுக்காக அடையை அழிக்கவோ, குடும்பத்தைக் கொல்லவோ தேவையில்லை. கந்தகக் குழி பழங்கதையாகத் தொடங்கிற்று. அமெரிக்காவில் நூற்றுக்கணக்கான, சிலரிடத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகளைக் கொண்ட பண்ணைகள் எழுந்தன. இங்கேதான் பழைய செல்வம் புதிய நட்டமாக மாறிற்று. வீட்டுத் தோட்டத்திற் பத்துக் கூடை வைத்திருந்தவன் கூட்டம் பிரியும் நாளில் ஏணியோடு காத்திருக்கலாம். பல மைல்களுக்கு அப்பாலுள்ள பண்ணைகளில் 500 பெட்டிகள் வைத்திருப்பவன் எந்த மரத்தடியிற் காத்திருப்பான்? போதாக்குறைக்கு, அக்காலத்துச் சந்தை சிறு மரப்பெட்டிகளிற் கட்டப்பட்ட அடைத்தேனையே விரும்பிற்று. அச்சிறு பெட்டிகளில் அடை ஒழுங்காக நிறைய வேண்டுமாயின், தேனீக்களை நெருக்கி வைத்தல் வேண்டும். நெருக்கமோ கூட்டம் பிரிவதற்கு முதற் காரணம். விற்பனைக்கு உகந்தது தேனீக்கு ஒவ்வாததாயிற்று.

முதலிற் கையாளப்பட்ட முறைகள் வேர்ஜில் காலத்தனவற்றிலிருந்து அதிகம் வேறுபட்டவையல்ல. இராணியின் ஒரு சிறகைக் கத்தரித்தனர். கூட்டம் வெளியேறும்; பறக்கமாட்டாத இராணி புல்லில் விழும்; இராணியைக் காணாத தேனீக்கள் பெட்டிக்குத் திரும்பும். தொல்லை தீர்ந்தது போலத் தோன்றும். ஆனால் அடுத்த வாரத்தில் கன்னி இராணி வெளிவந்ததும், நல்ல சிறகுள்ள அதனோடு கூட்டம் புறப்பட்டுவிடும். இரண்டாவது முறை, ஒவ்வொரு வாரமும் பெட்டியைத் திறந்து இராணி அறைகளை வெட்டியெறிதல். அடையின் மூலையில் தேனீக் கூட்டத்தால் மறைக்கப்பட்ட ஓர் அறை கண்ணுக்குத் தப்பினாலும் உழைப்பு வீணாகும். தப்பாவிட்டாலும், பிரியத் துணிந்த குடும்பம் மறுபடியும் மறுபடியும் புதிய அறைகளைக் கட்டும். தேன் சேர்ப்பதிலும் அதன் ஊக்கம் குன்றும். அறிகுறியை அழிப்பது வேறு, காரணத்தைத் தீர்ப்பது வேறு என்பதைத் தொழிலாளர் பல பருவங்களின் நட்டத்தால் அறிந்துகொண்டனர்.

ஆகவே சிந்தனை வேறு திசையிற் சென்றது. கூட்டம் பிரிவதைத் தடுப்பதற்குப் பதிலாக, பிரிந்துவிட்டது என்ற நிலையைப் பெட்டிக்குள்ளேயே உண்டாக்கினால் என்ன? இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த பாக்டன் இதற்கு ஒரு படி கண்டார். பிரிந்த கூட்டத்தைப் புதிய பெட்டியிலிட்டு, அதனைப் பழைய பெட்டி இருந்த இடத்திலேயே வைத்து, பழைய பெட்டியை அப்பால் நகர்த்தினார். வெளியே சென்று தேன் கொணரும் தேனீக்கள் பழகிய இடத்துக்கே திரும்புவதால், அவையெல்லாம் பிரிந்த கூட்டத்தோடு சேர்ந்தன. உழைக்கும் படை பிளவுபடாது ஓரிடத்திற் குவிந்தது. தாய்ப்பெட்டி ஆட்குறைந்தமையால் இரண்டாவது கூட்டம் பிரிவதும் நின்றது.

இதனிலும் ஒரு படி மேலே சென்றவர், அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தவரான ஜோர்ஜ் டெமரி. 1892ஆம் ஆண்டில் அமெரிக்கத் தேனீச் சஞ்சிகையில் அவர் தம் முறையை விளக்கினார். அதற்குக் கருவியாயிருந்தது துளைகளிட்ட நாகத் தகடு. வேலைக்காரத் தேனீ அத்துளைகளில் நுழையும். பருத்த மார்பையுடைய இராணி நுழையமாட்டாது. டெமரி, முட்டையும் புழுவுமுள்ள அடைகளை எல்லாம் மேற்பெட்டிக்கு ஏற்றினார். கீழ்ப்பெட்டியில் இராணியையும், அதன் துணைக்கு ஓர் அடையையும் விட்டு, எஞ்சிய இடத்தை வெற்றடைகளால் நிரப்பினார். இரண்டுக்குமிடையே தகட்டை வைத்தார். இளந்தேனீக்கள் குஞ்சுகளைப் பேண மேலே சென்றன. கீழே இராணிக்கு முட்டையிட இடம் தாராளமாயிற்று. மேலேயுள்ள குஞ்சுகள் 21 நாளில் யாவும் தேனீக்களாகிவிடும். காலியான அவ்வறைகளிலே தேன் நிரம்பும். மேற்பெட்டியில் எழும் இராணி அறைகளை ஒரு வாரம் பத்து நாளில் நீக்கிவிட்டாற் போதும். குடும்பம் பிரியவில்லை, ஒரு தேனீயும் இழக்கப்படவில்லை, ஆயினும் இராணிக்குப் புதிய வீடு கிடைத்தது. பிரிந்துபோகும் கூட்டத்துக்கு வேண்டியதும் அதுவே.

1906இல் அமெரிக்காவில் இயற்றப்பட்ட தூய உணவுச் சட்டமும் எதிர்பாராத வகையில் இத்தொழிலுக்கு உதவிற்று. அதற்குமுன், போத்தலில் அடைத்த தேனிற் சர்க்கரைப் பாகு கலந்திருக்கும் என மக்கள் ஐயுற்று, அடைத்தேனையே நம்பி வாங்கினர். கலப்படத்தைச் சட்டம் தண்டிக்கவே, பிழிந்த தேனின்மீது நம்பிக்கை வளர்ந்தது. பிழிந்த தேனுக்குத் தேனீக்களை நெருக்கவேண்டியதில்லை. பெட்டிமேற் பெட்டியாக இடம் கொடுக்கலாம். 1921இல் ஜோர்ஜ் டெமுத் என்பவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் வாயிலாகக் கூட்டம் பிரிவதை அடக்குதல் பற்றித் தனி வெளியீடு ஒன்றை எழுதினார். 1934இல் இங்கிலாந்தின் சமர்செற் பகுதியைச் சேர்ந்த ஸ்னெல்குரோவ், இதே பொருள்பற்றி ஒரு முழு நூலையே வெளியிட்டார். அவர் அமைத்த பலகையிற் சிறுசிறு கதவுகள் இருந்தன. ஒரு கதவைத் திறந்து மற்றதை மூடுவதால், மேற்பெட்டியில் வளர்ந்து பறக்கத் தொடங்கிய தேனீக்களைச் சிறிது சிறிதாகக் கீழ்ப்பெட்டிக்குத் திருப்பினார். கால்வாயிற் பலகையை வைத்து நீரைத் திருப்பும் உழவனின் வேலையை இது நினைவூட்டும்.

முறைகள் பலிப்பது கண்டாயிற்று. அவை ஏன் பலிக்கின்றன என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜேர்மனியப் பாதிரியாரான கெர்ஸ்டுங், இளந்தேனீக்கள் சுரக்கும் புழு உணவு உண்ணப் புழுவின்றித் தேங்குவதே காரணம் என்றார். இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், இங்கிலாந்தின் ரொதாம்ஸ்டெட் ஆராய்ச்சி நிலையத்திற் கொலின் பட்லர் வேறொரு வாயிலைத் திறந்தார். இராணியின் உடலிற் சுரக்கும் ஒரு பொருளைத் தேனீக்கள் நக்கி, ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் பரப்புகின்றன; அது போதிய அளவு கிடைக்கும்வரை அவை வேறு இராணியை வளர்க்க முயல்வதில்லை என்று அவர் காட்டினார். 1960ஆம் ஆண்டையொட்டி அப்பொருளின் இரசாயன அமைப்பும் கண்டறியப்பட்டது. அதே நிலையத்தில் ஜேம்ஸ் சிம்சன், தேனீக்களின் நெருக்கம் கூட்டம் பிரிவதற்கு எவ்வளவு காரணமாகின்றது என்பதை ஆராய்ந்தார். 1981இல் இஸ்ரவேல் நாட்டு லென்ஸ்கியும் ஸ்லபெஸ்கியும் ஒரு நுட்பமான செய்தியை வெளியிட்டனர். இராணி அடைமீது நடக்கும்போது அதன் காலிலிருந்தும் ஒரு பொருள் படிகின்றது. தேனீக்கள் மிகுந்து நெருங்கியவிடத்து இராணி அடையின் கீழ் விளிம்புவரை செல்வதில்லை. அதன் அடிச்சுவடு படாத அவ்விளிம்பிலேதான் இராணி அறைகள் எழுகின்றன. அரசியின் ஆணை எட்டாத எல்லையிலே புதிய அரசு முளைக்கின்றது என்று இதனைச் சுருங்கக் கூறலாம். டெமரி இராணிக்கு இடம் கொடுத்தபோது, தாம் அறியாத ஓர் இயற்கை விதிக்கே இணங்கினார்.

காரணத்தைத் தேனீயின் பிறப்பிலே தேடியவர்களும் இருந்தனர். இங்கிலாந்தின் பக்பாஸ்ட் மடத்தைச் சேர்ந்த துறவி ஆதாம், 1919இல் மடத்தின் தேனீக்களுக்குப் பொறுப்பேற்று, 1996இல் இறக்குமுன் ஏறக்குறைய ஒரு வாழ்நாள் முழுவதையும் நல்லினம் வளர்ப்பதிற் செலவிட்டார். அவர் தெரிந்தெடுத்த குணங்களில் பிரியும் நாட்டம் குறைந்திருத்தலும் ஒன்றாகும். லூனபேர்க் வெளியில் மனிதன் அறியாமல் வளர்த்த இயல்பை, அவர் அறிந்து குறைத்தார். இளம் இராணியையுடைய குடும்பம், முதிர்ந்த இராணியையுடைய குடும்பத்தைவிட அரிதாகவே பிரிகின்றது என்பதும் ஆராய்ச்சியால் உறுதிப்பட்டது. ஆண்டுதோறும், அல்லது ஈராண்டுக்கொரு முறை, இராணியை மாற்றுதல் இன்று பெரும் பண்ணைகளில் வழக்கமாயிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதுகாறும் கூறப்பட்டவை மேலைத்தேயத் தேனீயைப் பற்றியவை. இலங்கையிலும் தென்னிந்தியாவிலும் மரப்பொந்துகளில் வாழும் தேனீ வேறோர் இனம். உடலிற் சிறியது, குடும்பமும் சிறியது, பிரியும் இயல்போ மிக்கது. உணவு குறைந்தாலும், அடிக்கடி கலைக்கப்பட்டாலும், குடும்பம் முழுவதுமே வீட்டைக் கைவிட்டு ஓடிப்போவதும் உண்டு. இலங்கைக் கிராமங்களில் மண்பானையை வைத்து, பிரிந்து வரும் கூட்டம் அதிற் குடிபுகக் காத்திருப்பது பழைய வழக்கமாகும். 1910ஆம் ஆண்டையொட்டித் தென்னிந்தியாவிற் பணியாற்றிய நியூட்டன் பாதிரியார், இத்தேனீயின் அளவுக்கேற்பச் சட்டப்பெட்டியைச் சிறிதாக்கி அமைத்தார். அப்பெட்டி அவர் பெயராலேயே வழங்குகின்றது. 1920களில் மார்த்தாண்டத்தில், வை. எம். சி. ஏ. நிறுவிய கிராமப் புனருத்தாரண நிலையத்தில் ஸ்பென்சர் ஹாட்ச் என்ற அமெரிக்கர் தேனீ வளர்ப்பை ஏழை உழவரின் துணைத்தொழிலாக ஊக்கினார். இன்றும் கன்னியாகுமரி மாவட்டம் தேனுக்குப் பெயர்பெற்றது. அங்கே றப்பர் மரம் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, பூவிலன்றி இலைக்காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து தேன் கிடைக்கின்றது. அத்தேன் வரவுக்கு முந்திய வளர்ச்சிக் காலத்திலேயே வளர்ப்போர் குடும்பங்களைத் தம் கையாற் பிரித்துப் பெருக்கிக்கொள்கின்றனர். தேனீ தானே பிரியுமுன் அதனைப் பிரித்து வைப்பது அவர்கள் கண்ட உபாயம்.

மேலைநாட்டு வரலாற்றின் கடைசி ஏடு ஓர் எச்சரிக்கையோடு திறந்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் வறோவா என்ற உண்ணி, ஆசியத் தேனீயிடமிருந்து மேலைத்தேயத் தேனீக்குத் தொற்றி, உலகெங்கும் பரவிற்று. இவ்வுண்ணி பெருகுவது மூடிய புழு அறைகளினுள்ளே. கூட்டம் பிரிந்தால், புதிய இராணி முட்டையிடத் தொடங்கும்வரை தாய்ப்பெட்டியிற் குஞ்சு வளர்ப்பு நிற்கின்றது. உண்ணியின் பெருக்கமும் தடைப்படுகின்றது. வெளியேறும் கூட்டம் உண்ணிகளில் ஒரு பகுதியைத் தன்னோடு கொண்டும் போகின்றது. 2016இல் அமெரிக்காவின் தோமஸ் சீலியும் அவர் துணைவர்களும் ஓர் ஒப்பீட்டை வெளியிட்டனர். சிறு பெட்டிகளில் விருப்பம்போற் பிரியவிடப்பட்ட குடும்பங்கள் ஒருபுறம்; பெரும் பெட்டிகளிற் பிரியாதபடி வளர்க்கப்பட்டவை மறுபுறம். இரண்டாம் வகையினவற்றிலேயே உண்ணியும் நோயும் மிகுந்தன. மடிந்தவையும் அவற்றிலேயே அதிகம். தேனோ பெரும் பெட்டிகளிலேயே மிகுதியாக இருந்தது. மனிதன் பெற்ற இலாபத்துக்கு ஒரு விலை இருந்தது. அவ்விலையை உண்ணி வந்தபின்னரே அவன் கணக்கிட நேர்ந்தது.

1675ஆம் ஆண்டின் அந்நீண்ட தலைப்பு வாக்களித்த இரண்டில் ஒன்று நிறைவேறிவிட்டது. நன்மை செய்த தேனீயைக் கொல்லாமலே தேன் எடுக்கப்படுகின்றது. மற்றொன்றாகிய கூட்டம் பிரியாமை முற்றாகக் கைகூடவில்லை. கைகூடுதல் நன்றோ என்பதும் இப்பொழுது ஒரு கேள்வியாகிவிட்டது. சிறகை வெட்டியவனும் இராணி அறையைச் சிதைத்தவனும் தோற்றனர். இடம் கொடுத்தவனும், இளம் இராணியைக் கொடுத்தவனும், பருவமறிந்து தானே பிரித்து வைத்தவனும் ஓரளவு வென்றனர். பெருகவேண்டும் என்ற உயிரின் வேட்கையை அணையிட்டு நிறுத்துதல் அரிது. வாய்க்கால் வெட்டித் திருப்புதல் இயலும். நல்ல தேனீ வளர்ப்போன் பருவத்தின் தொடக்கத்திற் பெட்டியைத் திறந்து, அடையின் கீழ் விளிம்பை நோக்கும்போது தேடுவது, அவ்வாய்க்காலை எந்த நாளில் வெட்டுவது என்பதையேயாகும்.